அம்மாவுக்கு மட்டும் கஷாயம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். வங்கியில் நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு புத்தகம் படித்தவர், பண்பான மனிதர். கூடத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியும் காப்பி வரவில்லை. அதற்குப் பதிலாக டம்ளரில் மஞ்சளாக ஏதோ ஒன்று ஆவி பறக்க வந்து சேர்ந்தது.

"காப்பியை விட்டு ஆறு மாதம் ஆகிறது, சார்" என்றார் நண்பர். "இது இஞ்சி, பச்சை மஞ்சள் கிழங்கு, மிளகு, எலுமிச்சம்பழம், கொஞ்சம் தேன். இதைக் குடிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு? பெரிய மருந்துக் கடையே நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தது இந்த டாக்டர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?"

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

பேச்சு வளர்ந்தது. போன மாதந்தான் உடம்பை முழுக்கப் பரிசோதனை செய்துகொண்டாராம். ரத்தத்தில் கொழுப்பு சற்று அதிகம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அதைத் தவறாமல் சாப்பிட்டு வருகிறாராம். ஆஸ்பத்திரி எதற்கு என்று ஐந்து நிமிஷத்துக்கு முன் கேட்டவரும் இவர்தான் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

காலி டம்ளரை எடுத்துப் போக அவருடைய மனைவி வந்தார். சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு ஏற இரண்டே படி. அந்த இரண்டு படியை ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். மூச்சு வாங்கியது. "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். அந்த அம்மாள் பதில் சொல்லுமுன் நண்பரே சொன்னார்: "ஒன்றுமில்லை, சார். வயசாகிறதோ இல்லையோ? தினம் இரண்டு வேளை இதைத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சரியாகிவிடும்."

'கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்' என்றாரே, யாரிடம் சொல்லியிருக்கிறார் தெரியுமா? அந்த அம்மாளிடமேதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இஞ்சியைத் தோல் சீவி, மஞ்சளைத் தட்டி, கொதிக்க வைத்து, வடிகட்டி, அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்கிறார்!

இந்த மாதத்துக்கு வேறொரு விஷயம் எழுதுவதாக இருந்தேன். அதை ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் விரோதி அல்ல. இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நம்முடையது எல்லாமே மூடநம்பிக்கை என்று சொல்லித் திரியும் கூட்டத்தில் நான் சேர்ந்தவன் இல்லை. மழைக்கால இரவில் சுக்கும் கொத்தமல்லி விதையும் நாலு மிளகும் இடித்துப் போட்டு, கருப்பட்டி கரைத்துக் கொதிக்க வைத்த சுக்குமல்லிக் காப்பிக்கு ஈடாக இன்னொரு பானத்தை நான் இதுவரை குடித்ததில்லை. தொண்டை கரகரத்தால் இன்றைக்கும் மஞ்சளும் மிளகும் போட்ட பாலைத்தான் தேடுகிறேன்.

அவற்றைச் செய்கிற முறையிலும் ஓர் அறிவு இருக்கிறது. இஞ்சியை இடித்துப் பிழிந்த சாற்றைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்துத் தேன் கலப்பார்கள். மஞ்சளைத் தண்ணீரில் போடாமல் பாலில் போட்டார்கள். கூட மிளகும் சேர்த்தார்கள். இதற்கு இன்றைக்குக் காரணம் சொல்ல முடிகிறது. மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்க்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடம்பு அதை உடனே சிதைத்து வெளியே தள்ளிவிடும். மிளகில் உள்ள பைப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்தும். பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை அளந்தே காட்டியது. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத பெண்கள், பேர் தெரியாமலே பிடித்து வைத்திருந்த சேர்க்கை அது. அவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால், வணக்கம் செலுத்துவது வேறு. வணக்கத்தைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது வேறு.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்க்குமின் சாதாரணமாக நூற்றில் மூன்று நான்கு பங்குதான் இருக்கும். அரைத் தேக்கரண்டி தூளைப் பாலில் போட்டால் ஏறத்தாழ 50 மில்லிகிராம் கிடைக்கலாம். ஆராய்ச்சிக்காரர்கள் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதோ 500, 1000, சில சமயம் 2000 மில்லிகிராம். அப்படிக் கொடுத்தும் என்ன ஆயிற்று? 120-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்த பிறகும், இரு தரப்பாருக்கும் மருந்து எது, போலி எது என்று தெரியாத வண்ணம் முறையாக நடத்தப்பட்ட சோதனை ஒன்றிலாவது குர்க்குமின் வெற்றி பெறவில்லை என்று 2017-இல் அமெரிக்காவின் மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் விஞ்ஞானிகள் சிலர் எழுதினார்கள். பிறகு 2023-இல், தாய்லாந்தில் நடந்த ஒரு சோதனை, சிலவகை அஜீரணத்துக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் குர்க்குமின் வழக்கமான மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது என்று கண்டது. நல்லதுதான். ஆராய்ச்சி நடக்கட்டும். இஞ்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும்: கர்ப்பிணிகளின் குமட்டலை அது தணிக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால், குமட்டலைத் தணிப்பது ஒன்று. இருதயத்தைக் காப்பாற்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நம்மவர்கள் ஒரே டம்ளரில் தாண்டிவிடுகிறார்கள்.

உடனே சிலர், "அமெரிக்காக்காரனே மஞ்சளுக்குக் காப்புரிமை வாங்க வந்தானே, சரக்கு இல்லாமலா வந்தான்?" என்று கேட்பார்கள். அந்தக் கதையை முழுக்கச் சொல்கிறேன். 1995-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது குறித்து அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம்முடைய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதை எதிர்த்து வழக்காடியது. பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டியது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தாயிற்று. நாம் பெருமைப்பட வேண்டிய வெற்றிதான். ஆனால் வென்றது எந்த வாதம்? 'இது புதிதல்ல, எங்களுக்கு முன்பே தெரியும்' என்கிற வாதம். 'இது சகல ரோகத்தையும் தீர்க்கும்' என்று நம் வக்கீல்கள் வாதாடவும் இல்லை. யாரும் அப்படித் தீர்ப்பு எழுதவும் இல்லை. புண்ணில் பூசுகிற விஷயத்தில் கிடைத்த வெற்றியைக் காட்டி மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

2020-ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொள்ளை நோய் வந்த அந்த வருஷத்தில், 150 மில்லி சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் குடிக்கும்படி மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் யோசனை சொன்னது. தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீரைத் தெருத் தெருவாக அண்டாவில் வைத்து வழங்கினார்கள். வேறு கதி தெரியாத நேரத்தில் ஜனங்களுக்கு அது ஒரு தைரியம். அதை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் அந்தத் தைரியம் வியாபாரிகளின் கண்ணில் பட்டது. பாட்டி கொடுத்த சுக்கும் மஞ்சளும் இன்று கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு, 'எதிர்ப்புச் சக்தி' என்று பேர் சூட்டிக்கொண்டு, பத்து மடங்கு விலையில் நம்மிடமே திரும்பி வருகின்றன. மாத்திரையாகவும் வருகின்றன. 2019-இல், இப்படிச் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளைச் சாப்பிட்ட சுமார் இருபது பேருக்கு இத்தாலியில் கல்லீரல் அழற்சி கண்டது. 2022-இல் அந்த நாட்டு அரசு, அத்தகைய மாத்திரைகளின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சாம்பாரில் போட்ட மஞ்சள் இந்தக் கெடுதலைச் செய்யவில்லை. அளவு தெரியாத ஆசைதான் செய்தது.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம் என்று 1954-லேயே இயற்றி வைத்திருக்கிறோம். நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், ரத்தக் கொதிப்பு என்று வரிசையாகப் பெயர் சொல்லி, இவற்றைத் தீர்க்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் கைத் தொலைபேசியைத் திறந்து பாருங்கள். அந்தப் பட்டியலிலுள்ள வியாதிகளில் எத்தனைக்கு இன்று காலையிலிருந்து இஞ்சிச் சாறு சிபாரிசு ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வியாபாரியை ஏசுவது சுலபம். அதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரையை எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டே படித்து முடித்துவிடுவீர்கள். என் வழக்கு வியாபாரியோடு அல்ல; அவன் காசுக்காகப் பொய் சொல்கிறான், அவ்வளவுதான். என் வழக்கு நம்மோடு. படித்த, மாதச் சம்பளம் வாங்கிய, வீட்டில் பெண்களைக் கைநீட்டி அடிக்காத, அதனால் தங்களை நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளைகளோடு.

உங்கள் வீட்டையே யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு நெஞ்சில் வலி என்றால் வாடகைக் கார் வருகிறது. பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. அம்மாவுக்கு வலி என்றால்? 'வாயுவாக இருக்கும், இஞ்சி தட்டிக் குடி.' அம்மாவுக்கு அசதி என்றால்? 'ராத்திரி மஞ்சள் பால் குடித்துவிட்டுப் படு.' ஒரே வீடு, ஒரே அடுப்பு. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கஷாயம் டாக்டரோடு சேர்ந்து வருகிறது. அம்மாவுக்கு டாக்டருக்குப் பதிலாக வருகிறது. நம் பாரம்பரியத்தின் மேல் நமக்குள்ள பக்தி முழுவதும் அம்மா படுத்துக்கொள்ளும்போதுதான் பொங்குகிறது.

இதை நான் மேடை ஏறிப் பிறருக்கு உபதேசிக்கிறவனாகச் சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு சொல்கிறேன்.

என்னை வளர்த்தவர் என் பெரியம்மா. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சிற்றூர். 1987-ஆம் ஆண்டு மார்கழி மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். பெரியப்பாவுக்கு ஒரு வாரமாக இருமல். அவரை வண்டி வைத்துத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய், மார்பைப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எல்லாருக்கும் நிம்மதி வந்தது. அதற்கு மூன்றாம் நாள் இரவு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்சி ஒரு துண்டு தட்டிக் கொடேன். வாயு வந்து நெஞ்சை அடைக்குது."

முகம் வியர்த்திருந்தது. மார்கழிக் குளிரில் ஏன் வியர்க்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முதுகும் இடது தோளும் வலிப்பதாகச் சொன்னார். தண்ணீர் இறைத்த வலி என்று அவரே காரணமும் சொன்னார். நான் இஞ்சியைத் தட்டிப் பிழிந்து, வண்டல் தங்கும்வரை காத்திருந்து, இறுத்துத் தேன் கலந்து கொடுத்தேன். மிகவும் ஒழுங்காகச் செய்தேன். பெரியப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "தூங்குறவரை எழுப்பாதே. இதுக்குப் போய் ஒரு வண்டியா?" என்றார். பிறகு மீதிப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டுப் படுத்தார்.

விடியற்காலையில் அவரை எழுப்பப் போனபோது உயிர் இல்லை.

காலையில் வந்து பார்த்த டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். மாரடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ராத்திரியே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியாது, தம்பி. முயன்று பார்த்திருக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, கடுமையும் இல்லை. முயன்று பார்க்கவில்லை என்பதுதான் இத்தனை வருஷமாக என் கூட இருக்கிறது.

இஞ்சிச் சாறு பெரியம்மாவைக் கொல்லவில்லை. அது பாவம், தன்னால் ஆனதைச் செய்திருக்கும். 'நாம் ஏதோ செய்துவிட்டோம்' என்ற திருப்தியை எனக்குக் கொடுத்தது; அந்தத் திருப்திதான் அவரைக் கொன்றது. கையில் டம்ளர் இல்லாதிருந்தால் ஒருவேளை பயந்திருப்பேன். பயந்திருந்தால் ஓடியிருப்பேன்.

"அவரேதானே இஞ்சி கேட்டார், நீ என்ன செய்வாய்?" என்று என் சிநேகிதர்கள் ஆறுதல் சொன்னதுண்டு. அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை. ஏன் அப்படிக் கேட்டார்? வண்டி வைத்து அழைத்துப் போ என்று கேட்கிற வழக்கமே அவருக்கு இல்லை. தன் உடம்புக்குச் செலவு வைப்பது தப்பு என்று எட்டு வயதிலிருந்து கற்றுக்கொண்டவர். அந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்; பிறகு அதைப் 'பொறுமை' என்றும் 'தியாகம்' என்றும் கதைகளில் எழுதிப் புகழ்ந்தவர்களும் நாம். என் நாவல்களிலும் அப்படிப்பட்ட பெண்கள் இரண்டொருவர் உண்டு. அந்தப் பக்கங்களை இன்றைக்குப் படித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"அப்படியானால் ஒவ்வோர் ஏப்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா? பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லா வாயுவும் மாரடைப்பு அல்ல. ஜலதோஷத்துக்குச் சுக்குக் கஷாயம் போதும்; டாக்டரிடம் போனாலும் அது தானாகத்தான் போகும். ஆனால் சில அடையாளங்கள் உண்டு. நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், அதோடு வியர்வை, மூச்சு முட்டல், தாடைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ பரவும் வலி: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அது இஞ்சியின் எல்லையைத் தாண்டிவிட்டது. பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே, வெறும் குமட்டலும் அசதியும் மூச்சிரைப்புமாகக்கூட மாரடைப்பு வருவதுண்டு. அதனால்தான் 'வாயு' என்ற சொல் அவர்கள் விஷயத்தில் இவ்வளவு ஆபத்தானது. அந்த நேரத்தில் அடைபட்ட ரத்தக் குழாய்க்குப் பின்னால் இருதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கிறது. 108-ஐக் கூப்பிடக் காசு வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் நுழையவும் சீமானாக இருக்க வேண்டாம்.

இன்னும் சில்லறை விஷயங்கள். கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான்; நீரிழிவுக்காரர்களுக்கு 'நாட்டுச் சரக்கு' என்ற பேரில் சலுகை கிடையாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும் தினசரி இஞ்சி மஞ்சள் வைத்தியம் தொடங்குமுன் டாக்டரைக் கேட்க வேண்டும். இதையெல்லாம் கைத் தொலைபேசியில் வருகிற வைத்தியர்கள் சொல்வதில்லை.

'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை' என்று ஒரு பழமொழி சொல்வார்கள். சொன்னவர்கள் வாழ்ந்த காலத்தில் சுக்குக்கு மிஞ்சி வேறொன்றும் கையில் இல்லை. இருந்ததை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள். ரத்தத்தைச் சோதிக்கவும் இருதயத்தின் துடிப்பை வரைந்து பார்க்கவும் அவர்களுக்கு வசதி கிடைத்திருந்தால், மருமகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் முதலில் போய் நின்றிருப்பார்கள். அந்தப் பாட்டிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்றைய அம்மாக்களை வீட்டிலேயே உட்கார்த்தி வைப்பது அவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

நண்பரிடம் அன்றைக்கே சொன்னேன். நான் சொன்ன விதம் கொஞ்சம் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அவர் முகம் சுருங்கிவிட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். மனைவிக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து மிகவும் குறைந்திருக்கிறதாம். ஏன் குறைந்தது என்று மேற்கொண்டு பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். 'ஆறு மாதமாக மூச்சு வாங்கியிருக்கிறது, சார்' என்றார். ஆறு மாதம்! காப்பியை நிறுத்தி இந்தப் பானத்தை ஆரம்பித்த அதே ஆறு மாதம். அவர் என்மேல் கோபமாக இருந்தாரா, தம்மேல் கோபமாக இருந்தாரா என்று குரலிலிருந்து தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வாசக நண்பர்களே, இஞ்சியும் மஞ்சளும் வீட்டில் இருக்கட்டும். கஷாயமும் கொதிக்கட்டும். ஆனால் நாளைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து அதை நீங்கள் வையுங்கள். தோலை நீங்கள் சீவுங்கள், நீங்கள் வடிகட்டுங்கள். முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாம் தடவையும் கேளுங்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.